பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்

ஜிண்டபைன்
18 மே 2025

அன்பின் வைதேகி மச்சாளுக்கு,

தாரகா எழுதுவது. இந்த மலையடி ஊரில் நான் சுகம். லிட்கத்தில் நீங்களும் என் மகளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பி, என் மனிசன் முரளி, போன கிழமை வேலை செய்கிற பேர்த் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து போனில் கோல் எடுத்தபோது உங்களுக்கு முழங்கால் நோவு என்றார். எண்ணெயைப் பூசிக்கொண்டு சும்மா இராமல் ஆரிடமாவது காட்டுங்கள். மச்சாளாய்ச் சொன்னால் கேட்கமாட்டீர்கள், டொக்டராய்ச் சொல்கிறேன்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்து வரதராஜன் சேர், "அம்மா கடிதம் எழுதட்டும், பிள்ளை சத்தமாய் வாசிக்கட்டும், தமிழ் தன்பாட்டில வரும்" என்று சொன்னதால்தான் இந்தக் கடித வேலை. ஆகவே ஆரபிக் குஞ்சு, மாமிக்குத் தடக்காமல் வாசித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் "ஓம்", "இல்லை" இரண்டையும் விட்டால் உன் வாயில் தமிழே வருகுதில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கிளினிக் திறக்க முன்னம் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறேன். ஓடாவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும் மச்சாள். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் நெஞ்சடைத்தது, எனக்கு இப்போது முப்பத்தெட்டு. மற்றது, பிள்ளை இல்லாத அறையில் விடியக் கண் முழிப்பது பெரிய கொடுமை. எந்த நேரமும் கூப்பிடுகிற வேலை, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்க்க இங்கே ஆளில்லை என்றுதானே உங்களிடம் விட்டேன். ஊர்ப்புறக் கிளினிக்கில் வேலை செய்ய வேண்டிய என் கட்டாய வருஷம் டிசம்பர் பன்னிரண்டோடு முடிகிறது. அன்று பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். நடுவில் நோய் நொடி என்று நீண்ட லீவு எடுத்தால் அவ்வளவு நாளையும் பின்னால் கூட்டுவார்கள். ஒரு நாளும் விடமாட்டேன்.

இனி ஐஸ் காலம். எனக்கு யாழ்ப்பாணத்து வெயிலில் ஓடத்தான் தெரியும். இன்ரநெற்றில் ஒருவன் சொல்வதை மற்றவன் மறுக்கிறான். நீங்கள் நோர்வேயில் ஒன்பது வருஷம் மீன் ஃபக்டரிக்குப் பனிக்குள்ளால் ஓடிப் போன ஆள். விழாமல் எப்படி ஓடுவது என்று எழுதுங்கள். உங்களுக்கென்ன, பிள்ளைகுட்டி இல்லாத ஆள், நினைத்த நேரம் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கியிருப்பீர்கள்!

ஆரபிக்கு ஆயிரம் கொஞ்சல்.

உங்கள் அன்பு மச்சாள்,
தாரகா


முருகன் துணை

லிட்கம்
27 மே 2025

அன்புள்ள தாரகாவுக்கு,

நானும் ஆரபியும் நலம். உம்முடைய நலத்துக்கு வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை செய்வித்தோம். பெயர், நட்சத்திரம் எல்லாம் ஆரபியே ஐயருக்குச் சொன்னாள்.

கேட்டதற்கு எழுதுகிறேன். பருத்தி உடுப்பு உடம்பில் படக் கூடாது. வேர்த்து நனைந்தால் குளிர் அதில் பிடித்துக்கொள்ளும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றுப் புகாத ஒன்று, அவ்வளவும் போதும். வெளியே இறங்கி முதல் பத்து நிமிஷம் குளிர வேண்டும். குளிராவிட்டால் கூடப் போட்டுவிட்டீர் என்று அர்த்தம். காதையும் விரலையும் மூடும். சப்பாத்துக்கு மேலால் மாட்டுகிற ரப்பர்ப் பட்டி விற்கும், அடியில் இரும்பு முள்ளு வைத்தது. ஐஸில் அது இல்லாமல் கால் வைக்க வேண்டாம். பனியில்லாத தார் றோட்டில் அதைக் கழற்றிவிடும், கழற்றாமல் ஓடினால் உம்முடைய முழங்காலும் என்னுடையதைப் போலாகும். எட்டி வைக்காமல் காலைக் கிட்டக் கிட்ட வையும்.

உம்முடைய கடிதத்தை ஆரபி குசினிக் கதிரையில் இருந்து வாசித்தாள். 'பிள்ளைகுட்டி இல்லாத ஆள்' என்ற இடத்தில் தடக்கினாள். தடக்காமல் வாசிக்க வேண்டும் என்று நீர் எழுதியிருந்தபடியால் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் சரியாய் வந்தது.

அவள் இப்போது என்னுடைய அறையில்தான் படுக்கிறாள். தனிய விட்டால் அழுகிறாள். இதை எழுதி உம்மைக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

வைதேகி


ஜிண்டபைன்
8 ஜூன் 2025

அன்பின் மச்சாளுக்கு,

சுகம். உங்கள் முழங்கால் எப்படி? ஆரபிக்குப் பல்லு ஆடியதே, விழுந்துவிட்டதா?

ஐயோ மச்சாள், அது பகிடிக்கு எழுதினது! அதைப் போய் மூன்று தரம் வாசிக்க வைத்தீர்களா? உங்களைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாய்த்தான் சொல்கிறேன். பெத்த எங்களுக்கே இல்லாத பொறுமை உங்களுக்கு இருக்கிறது என்று நேற்றும் நேர்ஸ் பிள்ளையிடம் சொன்னேன். கோபிக்காதீர்கள்.

முள்ளுப் பட்டி வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை முதல் பனி. அதற்குள் நறுக் நறுக்கென்று ஓடுகிறபோது எனக்குப் பத்து வயது குறைந்தது. நீங்கள் சொன்னபடி பத்து நிமிஷம் நடுங்கினேன், பிறகு சூடு ஏறிவிட்டது. கம்பளி விஷயத்தில் நூற்றுக்கு நூறு.

ஒரு கேள்வி. நான் போகிற வழியில் ஓடைக்கு மேலால் ஒரு சின்னப் பாலம், கார் போகாது, தார் போட்டிருக்கிறது. விடியப்புறம் றோட்டு முழுக்கக் காய்ந்து கிடக்க, பாலம் மட்டும் நனைந்த மாதிரி மினுங்குகிறது. முதல் நாள் மழையும் இல்லை. இவ்வளவு நாளும் அதில் நடந்துதான் போனேன். முள்ளுப் பட்டி போட வேண்டுமா, அப்படியே ஓடலாமா?

ஆரபிக் குஞ்சு, டிசம்பருக்கு இன்னும் ஆறு மாதம்தான்.

அன்புடன்,
தாரகா


முருகன் துணை

லிட்கம்
24 ஜூன் 2025

அன்புள்ள தாரகாவுக்கு,

நலம். பல் விழுந்துவிட்டது. ஒரு சொட்டுத்தான் இரத்தம். என்னுடைய மடியில் இருந்தபடியே பிடுங்கினோம்.

ஓடுவதைப் பற்றி இன்னும் சில. போகும்போது காற்றுக்கு எதிராய்ப் போம், திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். மாறிச் செய்தால் வேர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் வந்து நெஞ்சுச் சளி பிடிக்கும். நெற்றியில் லைற் கட்டும். போகிற வழியையும் திரும்புகிற நேரத்தையும் ஆரிடமாவது சொல்லிவிட்டுப் போம். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். வந்தவுடன் ஈர உடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி. நீர் கேட்ட எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆரபியின் தலைமயிரைத் தோளளவுக்கு வெட்டிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பேன் பரவுகிறது. வடிவாய்த்தான் இருக்கிறாள். பரமட்டாவில் வெட்டின பெண், "அம்மாவின்ரை முகம் அப்பிடியே இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லப் போகவில்லை.

சுகமாய் இரும்.

வைதேகி


ஜிண்டபைன்
6 ஜூலை 2025

அன்பின் மச்சாளுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தப் பந்தியை நீங்கள் மட்டும் வாசியுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். தலைமயிர் வெட்ட முன் ஒரு சொல் என்னைக் கேட்டிருக்கலாம். பிறந்ததிலிருந்து நான் இழைத்த பின்னல் அது. அந்தப் பெண்ணிடமும் "நான் தாயில்லை, மாமி" என்று சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும்? எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சரி, விடுங்கள். நீங்கள் அவளைப் பார்க்கிற பார்வைக்கு நான் வாய் திறக்கக் கூடாதுதான்.

இனி ஆரபி வாசிக்கலாம். போன கடிதத்தில் பாலத்தைப் பற்றிக் கேட்டேன் மச்சாள், மறந்துவிட்டீர்கள் போல. திரும்பக் கேட்கிறேன். றோட்டெல்லாம் வெறுந்தார். நீங்கள் சொன்னபடி பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன். இருபது அடிப் பாலத்துக்காகக் குனிந்து போட்டு, அங்காலே போய்த் திரும்பக் கழற்ற விரல் விறைத்துப்போகிறது. நடந்து போனால் உடம்புச் சூடு இறங்கிவிடுகிறது. வெறும் ஈரம்தான் என்றால் அப்படியே ஓடிவிடுவேன். ஆரபிக் குஞ்சு, இது உன் பொறுப்பு. மாமியிடம் கேட்டு நீயே எனக்கு எழுது பார்ப்பம்.

அன்புடன்,
தாரகா


முருகன் துணை

லிட்கம்
17 ஜூலை 2025

அன்புள்ள தாரகாவுக்கு,

எல்லாரும் நலம். பள்ளி விடுமுறை. ஆரபிக்கு நீச்சல் வகுப்பு, நடன வகுப்பு என்று நேரமில்லை, ஆகையால் நானே எழுதுகிறேன்.

உம்முடைய கடிதத்தை முதற் பந்தியிலிருந்தே அவள்தான் வாசித்தாள். உறையில் அவளுடைய பெயர் இருந்தது. ஒளித்து வாசிக்கிற பழக்கத்தைப் பிள்ளைக்கு நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். 'நான் தாயில்லை' என்ற இடத்தில் இந்த முறை அவள் தடக்கவில்லை.

பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர். நோர்வே பதினாறு வருஷத்துக்கு முந்தின கதை, எல்லாம் இப்போது சரியாய் ஞாபகமில்லை. நீர் படித்தவர், உமக்குத் தெரியாததா? ஓட்டத்தை மட்டும் நிற்பாட்ட வேண்டாம். ஓடாவிட்டால் விசர் பிடிக்கும் என்று நீரே எழுதியிருந்தீர்.

குளிருக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும்.

வைதேகி


கன்பரா
5 ஓகஸ்ட் 2025

அன்பின் மச்சாளுக்கு,

முரளி சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய் காலை அந்தப் பாலத்தில்தான். பாதி தூரம்கூடப் போகவில்லை. இரண்டு காலும் ஒன்றாய்ப் போய் வலப் பக்கமாய் விழுந்தேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நாயை நடக்கக் கூட்டிவந்த ஒரு மனிசன் வரும்வரை நாற்பது நிமிஷம் அந்த ஐஸில் கிடந்தேன். இடுப்பும் கணுக்காலும். எலும்புக்கு இரும்புப் பிளேற் வைத்திருக்கிறார்கள். வலது கால் கொஞ்சம் கட்டையாய் நிற்கும், நொண்டு இருக்கத்தான் செய்யும் என்று சேர்ஜன் சொல்லிவிட்டார். இனி ஓட்டம் இல்லை.

இங்கே ஒரு நேர்ஸ் சிரித்தாள். பாலத்துக்குக் கீழாலும் குளிர்காற்றுப் போகிறதாம், அதனால் றோட்டுக்கு முதல் பாலம் உறைந்துவிடுமாம், ஈரம் மாதிரித் தெரிகிறதே ஐஸ்தானாம். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். நீங்கள் மறந்ததற்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை மச்சாள். எத்தனை வருஷத்துக் கதை.

அழுகை வருவது வேறு விஷயத்துக்கு. நாலு மாதம் வேலையில்லை. டிசம்பர் போய் ஏப்ரல் ஆகிவிட்டது. பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அவள் போனுக்கு வரவில்லை. பயந்துவிட்டாளா? அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

தாரகா


முருகன் துணை

லிட்கம்
16 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தாரகாவுக்கு,

உயிரோடு விட்டானே முருகன், அது பெரிது. நாங்கள் நலம்.

ஆரபி போனுக்கு வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கிறாளில்லை. பிள்ளையை வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. நீர் இப்போது அதைப் பற்றி யோசிக்காமல் காலைப் பாரும்.

ஏப்ரல் என்றால் அடுத்த வருஷப் பள்ளி நடுவில் குழம்பும். முரளியோடு கதைத்துவிட்டு, வருஷம் முழுக்க இங்கேயே படிக்கட்டும் என்று படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் உம்முடைய பெயர் இருந்தது. கட்டிலில் கிடக்கிற ஆளைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம் என்று என்னுடைய பெயரைப் போட்டேன்.

மருந்தை நேரத்துக்கு எடும்.

வைதேகி


கன்பரா
7 செப்ரெம்பர் 2025

மச்சாள்,

சுகம் கேட்டு எழுதுகிற நிலையில் நான் இல்லை. இன்றோடு ஆறு ஞாயிறு. முரளி லீவில் வந்து பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைதானே, சரியாப் போகும்" என்கிறார். எனக்குச் சரியாகப் போகவில்லை. விட்டுவிட்டு வந்தேன் என்று கோபமா? டிசம்பரில் வருவேன் என்று ஏமாற்றினேன் என்று நினைக்கிறாளா? அடியுங்கள், திட்டுங்கள் என்று சொல்லவில்லை, பக்கத்தில் இருத்திக் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவளின் குரல் மறந்துபோகிறது.

தாரகா


தமிழ் ஸ்கூல்
20 செப்ரெம்பர்

அம்மா,

நான் ஆரபி. வரதராஜன் சேர் ஆருக்கும் ஒரு லெட்டர் எழுதுங்கோ எண்டு சொன்னவர். நான் உங்களுக்கு எழுதுறன். சேர் ஸ்ராம்ப் ஒட்டிப் போடுவார். மாமிக்குத் தெரியாது.

உங்கட கால் நோகுதா அம்மா. சொறி அம்மா, மன்னியுங்கோ.

நீங்கள் பாலத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னீங்கள். நான் கேட்டனான். மாமி என்னைப் பக்கத்தில இருத்தினவ. பிறகு சொன்னவ. பாலம்தான் முதல் ஐஸ் ஆகும். தண்ணி மாதிரி இருக்கும் ஆனா ஐஸ். நோர்வேயில மாமி ஃபக்டரிக்கு லேற் எண்டு ஓடேக்க அப்பிடி ஒரு பாலத்தில விழுந்தவ. மாமியின்ர வயித்தில பேபி இருந்தது. விழுந்தாப் பிறகு இல்ல. பிறகு வேற பேபியும் வரேல்ல. மாமி அழுதவ. நானும் அழுதனான். அம்மாக்கு எழுதக் கூடாது எண்டு சொன்னவ. நான் புறொமிஸ் பண்ணினனான்.

நான் எழுதியிருந்தா நீங்கள் விழுந்திருக்க மாட்டீங்கள். போனில வந்தா ஏன் எழுதேல்ல எண்டு கேப்பீங்கள். அதான் நான் வரேல்ல.

டிசம்பர்ல நான் உங்களிட்ட வரலாமா?

ஆரபி


கன்பரா
26 செப்ரெம்பர் 2025

வைதேகி மச்சாள்,

ஆரபியின் கடிதம் வந்தது. நாலு நாளாய் உங்கள் வீட்டுக்குக் கோல் எடுக்கிறேன், ஒருவரும் தூக்குகிறீர்களில்லை.

உங்கள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது. முரளியும் ஒரு நாளும் சொல்லவில்லை. மே மாதம் நான் எழுதிய வரியை நினைத்தால் என் கையை வெட்டலாம் போலிருக்கிறது. அதற்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன், எத்தனை தரம் கேட்கச் சொன்னாலும் கேட்பேன்.

ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அம்மாவுக்கு எழுதாதே என்று நீங்கள் பிள்ளையிடம் தடுத்தது உங்கள் கதையையா, பாலத்தையா? உங்கள் கதையை என்றால் அது உங்களுடையது, எனக்கு அதில் உரிமையில்லை. பாலத்தை என்றால் நீங்கள் என்ன மனிசி?

வருஷம் முடியாவிட்டால் முடியாமல் போகட்டும். வேலையை விடுகிறேன். ஒக்டோபர் நாலாம் திகதி சனிக்கிழமை முரளி என்னை ஏற்றிக்கொண்டு வருகிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதுவரைக்கும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அம்மா விழுந்தது உன் பிழையில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் வரும்வரை ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் உங்களிடம் கேட்கமாட்டேன்.

தாரகா


முருகன் துணை

லிட்கம்
30 செப்ரெம்பர் 2025

தாரகாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீர் ஊன்றுகோல் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று முரளி சொன்னான், சந்தோஷம்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். என்னுடைய கதையைத்தான் எழுத வேண்டாம் என்று முதலில் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப பாலத்தை மட்டும் எழுதட்டா மாமி?" என்று கேட்டாள். கையில் பேனையும் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். நீர் விழ வேண்டும் என்று நினைத்தேனா என்றால், ஓம், நினைத்தேன். இடுப்பு என்று நினைக்கவில்லை. ஒரு கை, ஒரு கால், டிசம்பர் தள்ளிப்போகிற அளவுக்கு ஏதோ ஒன்று. பகிடிக்கு எழுதினேன் என்று நீர் எழுதின அன்றே அந்த எண்ணம் வந்துவிட்டது. அதற்கு வெட்கப்படுகிற வயது எனக்குப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க நீர் படியேற வேண்டாம், எனக்கு அது தேவையில்லை.

உடுப்பெல்லாம் தோய்த்து மடித்து இரண்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். முட்டை சாப்பிட்டால் அவளுக்கு இப்போது தோலில் கடி வருகிறது, கவனம். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்னம் வாரும், பிறகு நான் கோயிலுக்குப் போய்விடுவேன்.

நீர் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம் குசினிக்குள் வந்து அவளாகவே கேட்டாள், "அம்மா விழுந்தது என்னாலையா மாமி?" என்று. நான் கறியை இறக்கிவைத்துவிட்டு அவளுடைய தலையைத் தடவினேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் என்னுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இனி நீர் வந்து சொல்லும், ஒவ்வொரு நாளும் சொல்லும். அவள் தலையாட்டுவாள். ஆனால் நீர் எழும்பி நடக்கிற நேரமெல்லாம் அவள் உம்முடைய முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள்.

சுகமாய் வந்து சேரும்.

வைதேகி